இருக்கையிலிருந்து வரைதல்: பழம்பெரும் கேளிக்கைப் பூங்காச் சவாரிகளை ஓவியமாகவும் அசைவூட்டமாகவும் ஆக்குவதற்கான முழுமையான வழிகாட்டி

கேளிக்கைப் பூங்காக்களின் பழம்பெரும் சவாரிகளை நேசித்து வரையும் இளையோர் நம்மிடையே பெருகி வருகிறார்கள். ஆண்டிறுதியில் கோலாலம்பூரில் நடைபெறும் காமிக் ஃபியஸ்டா போன்ற கூடல்களில் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு நடந்தால், கோட்டையின் முன் நிற்கும் இளவரசி, கப்பலின் முன் நிற்கும் கடற்கொள்ளையன் என்று கைத்திறன் மிளிரும் படங்கள் கண்ணில் படும். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை கதாபாத்திரங்களின் ஓவியங்களே அன்றிச் சவாரியின் ஓவியங்கள் அல்ல. சவாரி என்பது அமர்ந்திருக்கும் ஒருவரை இருளுக்குள் அழைத்துச் சென்று, அவர் எதை, எப்போது, எந்தப் பக்கமாகத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கும் ஒரு கலை. அந்த இருக்கையில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்குத் தெரிவதையே வரைய வேண்டும் என்பதுதான் இவ்வழிகாட்டியின் அடிப்படை. கைப்பேசியோ டேப்லெட்டோ இருந்து, ஓரளவு வரையத் தெரிந்திருந்தால் இதைத் தொடங்கிவிடலாம்.

எந்தச் சவாரி, எந்த நொடி

கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது. பீட்டர் பான், ஸ்னோ ஒயிட் முதலிய இருட்டறைச் சவாரிகள் அந்த ஆண்டிலேயே இயங்கத் தொடங்கின. 1963இல் பாடும் இயந்திரப் பறவைகளைக் கொண்ட டிக்கி ரூம் வந்தது. 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக ‘ஸ்மால் வேர்ல்ட்’ என்னும் படகுச் சவாரி உருவாக்கப்பட்டது. 1967இல் கடற்கொள்ளையர் சவாரியும், 1969 ஆகஸ்டில் ஹாண்டட் மேன்ஷன் என்னும் பேய் மாளிகையும் திறக்கப்பட்டன. ஓவியம் கற்பவர்களுக்கு இவை பெரும் பாடசாலைகளாக அமைவதற்குக் காரணம் உண்டு. இவற்றை வடிவமைத்தவர்களில் பலர் திரைப்பட அசைவூட்டத் துறையிலிருந்து வந்தவர்கள். மார்க் டேவிஸ் கதாபாத்திரங்களுக்கு உயிர் கொடுத்த அசைவூட்டக் கலைஞர். கிளாட் கோட்ஸ் பின்னணிகளைத் தீட்டியவர். மேரி பிளேர் வண்ணத் திட்டங்களில் தனி வழி கண்டவர். பேய் மாளிகையில் முற்பகுதியின் இறுக்கமான இருட்டில் கோட்ஸின் கையும், பிற்பகுதியில் கூத்தடிக்கும் பேய்களில் டேவிஸின் கையும் ஓங்கி நிற்பதைக் கூர்ந்து பார்ப்பவர் எளிதில் கண்டுகொள்வர்.

கடற்கொள்ளையர் சவாரியில் படகில் செல்பவருக்கு ஓர் உருவம் சில நொடிகளே கண்ணில் படும். அதற்குள் அது யார், என்ன செய்கிறது, அதில் என்ன நகைச்சுவை என்பதெல்லாம் விளங்கிவிட வேண்டும். கறுப்பு நிழலாக மட்டும் காட்டினாலும் கதை புரியும்படி டேவிஸ் உருவங்களை அமைத்ததற்கு இதுவே காரணம். ஆகவே முதல் படியாக, ஒரு சவாரியை முழுவதுமாக வரையும் எண்ணத்தை ஒதுக்கிவிட்டு, ஆறு முதல் பத்து நொடிகள் கொண்ட ஒரே ஒரு கணத்தைத் தேர்ந்தெடுங்கள். அதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: ‘வண்டி இடப்பக்கம் திரும்புகிறது; மூடிய கதவு உள்ளிருந்து யாரோ தள்ளுவது போல் புடைக்கிறது; கதவு திறப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது.’ இப்படி ஒரு வாக்கியத்துக்குள் அடங்காத கணம் ஆறு நொடிக்குள்ளும் அடங்காது.

நேரில் சென்று பார்த்தல்

டிஸ்னிலேண்ட் இருக்கும் அனஹைமுக்கோ தோக்கியோவுக்கோ போய்வர எல்லாருக்கும் வசதி வாய்ப்பதில்லை. அந்தச் சவாரிகளை இருக்கையிலிருந்து எடுத்த காணொளிகள் வழியாகப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அவற்றை நிறுத்தி நிறுத்தி அப்படியே படியெடுப்பது கையை வளர்க்காது. காணொளியை ஒரு முறை ஓடவிட்டு, பிறகு அணைத்துவிட்டு, நினைவில் தங்கியதை மட்டும் வரையுங்கள். நினைவில் தங்காதவை அந்தக் கணத்துக்குத் தேவையற்றவை என்றே கொள்ளலாம்.

சவாரியை உடலால் உணர்வதற்கு நம் ஊர் போதும். கோலாலம்பூர் பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேரில் ரோலர் கோஸ்டர் கட்டடத்தின் உள்ளேயே வளைந்து ஓடுகிறது. மழையானாலும் வெயிலானாலும் தடையிராது என்பதால், ஒரே காட்சியைப் பல முறை சென்று வரைவதற்கு அதைவிட ஏற்ற இடம் தலைநகரில் இல்லை. கெந்திங் மலையின் பழைய வெளிப்புறப் பூங்கா 2013இல் மூடப்பட்டது. 2022இல் ஸ்கைவேர்ல்ட்ஸ் திறக்கப்பட்டது. பழைய பூங்காவில் பிள்ளைப் பருவத்தில் விளையாடியவர்கள் நம் குடும்பங்களில் நிறையப் பேர் இருப்பதால், அண்ணன் அக்காள்களிடம் உள்ள பழைய புகைப்படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இன்னும் மூத்தவர்களிடம் கேட்டால், இன்றைய சுங்கை வாங் பிளாசா இருக்கும் இடத்தில் முன்பிருந்த பிபி பார்க்கைப் பற்றிச் சொல்வார்கள். அதையும் குறித்து வையுங்கள். மறைந்துபோன கேளிக்கை இடங்களுக்கு ரசிகர் ஓவியத்தை விட்டால் வேறு நினைவுச் சின்னம் அமைவது அரிது.

பினாங்கில் இருப்பவர்கள் கொடிமலை இரயிலை ஒரு சவாரியாகக் கருதி வரைந்து பழகலாம். 1923இல் ஓடத் தொடங்கிய அந்தப் பாதையில், ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளிலும் கட்டப்பட்ட இரண்டு பெட்டிகளில் ஒன்று ஏற மற்றொன்று இறங்குகிறது. நடுவழியில் இரண்டும் ஒன்றையொன்று கடக்கின்றன. எதிரே வரும் பெட்டி முதலில் சிறு புள்ளியாகத் தெரிந்து, மெல்லப் பெரிதாகி, கடக்கும் நொடியில் மட்டும் சன்னல் முழுவதையும் நிறைத்துவிட்டுச் சட்டென்று மறையும். வேகம் மாறாதிருந்தும் கண்ணுக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்பதை விளங்கிக்கொண்டவருக்குச் சவாரி அசைவூட்டத்தில் பாதி கைவந்துவிடும். ஆண்டிறுதியில் சுங்கை நிபோங்கில் நடைபெறும் பினாங்கு பெஸ்தாவின் ராட்டினங்களும் நல்ல பாடங்களே.

செல்லும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். சவாரியின்போது கைப்பேசியை வெளியே எடுப்பது பல இடங்களில் தடைசெய்யப்பட்டிருப்பதோடு ஆபத்துமாகும். இறங்கியவுடன் ஓரமாக நின்று, எந்த ஒலி முதலில் வந்தது, எந்தப் பக்கம் உடல் சாய்ந்தது, எங்கே குளிர்ந்தது, எத்தனை நொடிகள் ஒன்றுமே தெரியவில்லை என்பனவற்றை எழுதுங்கள். ஒன்றும் தெரியாத அந்த நொடிகளையும் படத்தில் வைக்க வேண்டும். புதியவர்கள் முதலில் வெட்டி எறிவது அவற்றைத்தான்.

படச்சட்டத்தின் ஓரங்கள்

இனி, அஞ்சலட்டையின் கால் பங்கு அளவில் பத்துப் பன்னிரண்டு சிறு மாதிரிகளைக் கறுப்பு, வெள்ளை, ஒரு சாம்பல் ஆகிய மூன்றே தொனிகளில் வரையுங்கள். இவற்றில் பார்வையாளரின் இடத்தைக் காட்டும் ஏதேனும் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்: மடிமேல் படிந்த பாதுகாப்புக் கம்பி, முன் வண்டியின் முதுகு, படகின் மூக்கு, பக்கத்தில் இருப்பவரின் தோள். அது இல்லையென்றால் படம் வெறும் அறையின் படமாகிவிடும். கண்மட்டக் கோட்டையும் அமர்ந்திருப்பவரின் உயரத்திலேயே வையுங்கள். நிற்பவரின் உயரத்தில் வைத்தால் பேய்கள் குட்டையாகிவிடும்.

உயரத்தைப் பொய்யாகப் பெருக்கிக் காட்டும் உத்தியையும் இங்கே பயன்படுத்தலாம். டிஸ்னிலேண்டின் கோட்டை 77 அடி உயரம் மட்டுமே கொண்டது. மேலே செல்லச் செல்லக் கற்களும் சன்னல்களும் சிறுத்துக்கொண்டே போவதால் அது பேருயரமாகத் தெரிகிறது. நம் கோயில் கோபுரங்களின் நிலைகள் மேலேறுந்தோறும் குறுகுவதைப் போன்றதுதான் இது. கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள மகா மாரியம்மன் கோயில் கோபுரத்தின் அடியில் நின்று, ஐந்து நிலைகளின் அகலமும் எவ்வாறு குறைகிறது என்று பென்சிலால் அளந்து வரைந்து பாருங்கள். அந்த விகிதத்தை உங்கள் மாளிகைக்கும் கோட்டைக்கும் அப்படியே கொண்டுபோகலாம்.

இருளும் நிறமும்

பழைய இருட்டறைச் சவாரிகளில் ஒளிரும் வண்ணங்களைத் தீட்டி, அவற்றின்மேல் புற ஊதா விளக்கைப் பாய்ச்சினார்கள். விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் வண்ணம் மட்டும் இருளில் மிதக்கும். இதை வரைகையில் எல்லாவற்றையும் ஒளிரவைக்கும் ஆசை வரும், அதைக் கட்டுப்படுத்துங்கள். பரப்பில் பெரும்பகுதி இருளாகவே இருக்கட்டும். அந்த இருளும் தூய கறுப்பாக இல்லாமல் கருநீலமாகவோ கரும்பச்சையாகவோ இருந்தால், மேலே வரும் நிறங்கள் உட்கார இடம் கிடைக்கும்.

மேரி பிளேரின் வழி இதற்கு நேர் எதிரானது. நிழலின்றித் தட்டையாக வெட்டி ஒட்டியது போன்ற வடிவங்களில், ஒரே ஒளித்தொனி கொண்ட நிறங்களை அருகருகே வைப்பது அது. ஒரே படத்தில் இரண்டையும் கலந்தால் எதுவும் நிற்காது என்பது என் உறுதியான கருத்து. ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, ஐந்து அல்லது ஆறு நிறங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, வேலை முடியும்வரை அவற்றைத் தாண்டாதீர்கள். டிஸ்னிலேண்டின் ஆரம்பகாலச் சுவரொட்டிகள் பட்டுத்திரை அச்சில் உருவானவை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை தேவைப்பட்டதால் வந்த அந்தக் கட்டுப்பாடே அவற்றுக்கு அழகையும் தந்தது.

பேயை வரைதல்

பேய் மாளிகையின் நடன மண்டபக் காட்சியைப் பார்த்து மயங்காதவர் இல்லை; ஆனால் அதைச் சரியாக வரைபவர் மிகச் சிலரே. அது இயங்கும் விதத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1862இல் இலண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் காட்டிப் புகழ்பெற்றதும், அதற்கு முன்பே ஹென்றி டிர்க்ஸ் சிந்தித்ததுமான உத்தி அது. பார்வையாளருக்கும் அரங்குக்கும் இடையே பெரிய கண்ணாடி நிற்கிறது. பேயுருவங்கள் பார்வைக்கு மறைவான இருண்ட இடத்தில், வண்டிப்பாதைக்கு மேலும் கீழும் இருக்கின்றன. அவற்றின்மேல் விளக்கு விழும்போது அவற்றின் பிரதிபலிப்பு கண்ணாடியில் தோன்றி, மண்டபத்தில் மேசை நாற்காலிகளுக்கு இடையே ஆடுவது போல் தெரிகிறது.

பலர் செய்வது போல், பேயை ஒரு லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் ஓவிய அடுக்கில்) வரைந்து அதன் அடர்த்தியைப் பாதியாகக் குறைத்தால், பேயும் மங்கி அதன் பின்னுள்ள அறையும் மங்கிவிடும். கண்ணாடி அப்படிச் செய்வதில்லை. அது அறையின் ஒளியை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் பேயின் ஒளியைக் கூட்டுகிறது. எனவே பேயைத் தூய கறுப்புப் பின்னணியில் வரைந்து, அந்த லேயரின் கலப்பு முறையை ‘ஸ்கிரீன்’ என்று மாற்றுங்கள். கறுப்பு முழுவதும் மறைந்து, ஒளி மட்டும் நிற்கும். இதிலிருந்து ஒரு முக்கியமான விதி பிறக்கிறது: பேய்க்குக் கறுப்புக் கோடு கிடையாது. கண், வாய், ஆடையின் மடிப்பு என எதையும் கருமையால் வரைய இயலாது. சுற்றிலும் ஒளியைத் தீட்டி, கண் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட வேண்டும். அந்த வெறுமையில் பின்னாலிருக்கும் நாற்காலியின் முதுகோ மெழுகுவர்த்தியோ தெரியும். அப்போதுதான் பேய் அந்த அறையில் இருக்கிறது என்று நம்பத் தோன்றும்.

பேயை மறையச் செய்யும்போதும் அடர்த்தியைத் தொடாதீர்கள். அதன்மேல் விழும் விளக்கை அணைப்பது போல், நிறங்களைப் பன்னிரண்டு ஃபிரேம்களில் (நொடிக்கு 24 படங்கள் என்ற கணக்கில் அரை நொடியில்) கறுப்பை நோக்கி இருட்டாக்குங்கள். இன்னொரு நுட்பமும் உண்டு. பிரதிபலிப்பில் இடம் வலமாக மாறுவதால், அந்த மண்டபத்தில் சுழன்றாடும் இணைகளில் பெண்ணுருவங்களே ஆணை வழிநடத்துவது போல் தெரியும். உங்கள் பேய் லேயரையும் கிடைமட்டமாகப் புரட்டிவிடுங்கள். காரணம் தெரியாதவருக்கும் ஏதோ ஒன்று இயல்புக்கு மாறாக இருப்பது புலப்படும்.

அதே மாளிகையில், நாம் நகரும்போது நம்மையே திரும்பிப் பார்ப்பது போலத் தெரியும் சிலைத்தலைகள் உள்ளன. அவை புடைத்த முகங்கள் அல்ல, உட்குழிந்த அச்சுகள். சாதாரண முகத்தைக் கடந்து செல்லும்போது, நமக்கு அருகிலுள்ள மூக்கு காதைவிட வேகமாக இடம் மாறும். குழிந்த முகத்தில் மூக்கே தொலைவில் உள்ளது. ஆகவே அது காதைவிட மெதுவாக நகரும். மூக்கு, கன்னம், காது ஆகியவற்றை மூன்று லேயர்களில் வரைந்து, வேகங்களை இவ்வாறு தலைகீழாக்கிப் பாருங்கள். வேறெந்த வித்தையும் இல்லாமலேயே முகம் திரும்பும்.

இயந்திர உருவத்தின் அசைவு

அசைவூட்டம் கற்பவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படுவது, எந்த அசைவும் மெல்லத் தொடங்கி, வேகமெடுத்து, மெல்ல அடங்க வேண்டும் என்பது. உயிருள்ளவற்றுக்கு அது சரி. டிக்கி ரூம் பறவையை அப்படி வரைந்தால் அது காட்டுப் பறவையாகிவிடும். சவாரியின் பறவையாக இராது. காற்றழுத்தத்தால் இயங்கும் இயந்திர அலகு திறக்கும், மூடும். இடைநிலை பெரிதாக இருக்காது. ஆகவே அலகுக்கு இரண்டே ஓவியங்கள் போதும். தலை திரும்புவதை ஒரே சீரான வேகத்தில் ஆறு ஃபிரேம்களில் முடியுங்கள். நின்றவுடன் அடுத்த ஒரு ஃபிரேமில் இரண்டு பிக்சல் தள்ளிப்போய், மறு ஃபிரேமில் திரும்பி வரட்டும். பிறகு பதினெட்டு ஃபிரேம்களுக்குத் துளி அசைவும் வேண்டாம். அந்தச் சிறு அதிர்வும் அதன் பின்வரும் அசைவின்மையும் சேர்ந்துதான், தோலுக்கு அடியில் எஃகு இருப்பதைச் சொல்கின்றன.

படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருப்பதால், கரையில் உள்ள உருவம் தன் சிறு நாடகத்தைத் திரும்பத் திரும்ப நிகழ்த்திக்கொண்டே இருக்கிறது. முடிவில்லாமல் சுழலும் குறும் அசைவூட்டம் இந்தக் கலைக்கு இயல்பான வடிவமாக அமைவது இதனால்தான். அரை நிமிடக் கதைப்படம் எடுக்க முயல்வதைக் காட்டிலும், தொடக்கமும் முடிவும் தெரியாமல் சுழலும் ஆறு நொடிகள் சவாரிக்கு உண்மையாக இருக்கும்.

ஓட்டத்தைக் கணக்கிடுதல்

நொடிக்கு 24 ஃபிரேம் என்று வைத்துக்கொண்டால், ஆறு நொடிக்கு 144 ஃபிரேம்கள். ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தினால் 72 ஓவியங்கள் போதும். இரண்டு நொடியில் சுழலும் அசைவாக இருந்தால் 24 ஓவியங்களை மூன்று முறை பயன்படுத்திக்கொள்ளலாம். கிரிட்டா மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. முந்தைய, பிந்தைய ஓவியங்களை நிழலாகக் காட்டும் வசதியும் அதில் உண்டு. டேப்லெட்டில் புரோகிரியேட் வைத்திருப்பவர்களுக்கு அதுவே போதும்.

வண்டியின் ஓட்டத்தைக் காட்ட மூன்று அடுக்குகள் வேண்டும். தொலைவிலுள்ள சுவரும் சன்னலும் அசையாமல் நிற்கட்டும். நடுவிலுள்ள தூண்கள் ஒரு ஃபிரேமுக்கு 5 பிக்சலும், அருகிலுள்ள திரைச்சீலையும் கதவுச்சட்டமும் 12 பிக்சலும் நகரட்டும். சுழற்சி தடையின்றி ஓட வேண்டுமானால், நகரும் வேகத்தை மொத்த ஃபிரேம்களால் பெருக்கி வரும் தொலைவில் அந்த அடுக்கின் வடிவம் மீண்டும் தொடங்க வேண்டும். 5ஐ 144ஆல் பெருக்கினால் 720; தூண்களை 720 பிக்சல் இடைவெளியில் நிறுத்துங்கள். 12ஐப் பெருக்கினால் 1728. அருகிலுள்ள திரைச்சீலை அந்த அகலத்தில் ஒரு முறை வந்தால் போதும். கடைசி ஃபிரேமிலிருந்து முதல் ஃபிரேமுக்குத் தாவும் இடம் யார் கண்ணுக்கும் தெரியாது.

பேய் மாளிகையின் வண்டிகள் முன்னே செல்லும்போதே பக்கவாட்டிலும் திரும்புகின்றன. 1967இல் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்த ஆம்னிமூவர் என்னும் அமைப்பு அது. அந்தத் திருப்பத்தைக் காட்ட, எல்லா அடுக்குகளையும் ஒன்றுசேர்த்து 20 ஃபிரேம்களில் பக்கவாட்டில் நகர்த்துங்கள். இங்கே மட்டும் மென்மையான தொடக்கமும் முடிவும் தேவை. ஏனெனில் திரும்புவது பார்வையாளரின் உடல்.

ஒலிக்குச் சவாரியின் பாடலை எடுத்துப் போடாதீர்கள். ரோலர் கோஸ்டர் ஏறும்போது கேட்கும் ‘டக் டக்’ ஒலி, வண்டி பின்னோக்கி வழுக்காமல் தடுக்கும் பற்களிலிருந்து எழுவது. பழைய சைக்கிளின் மிதிகளைப் பின்னோக்கிச் சுற்றிப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்தால் அதற்கு நெருங்கிய ஒலி கிடைக்கும்.

உரிமையும் விற்பனையும், உங்கள் சொந்தச் சவாரியும்

மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் எண்ணங்களையும் செயல்முறைகளையும் பாதுகாப்பதில்லை. அவை வெளிப்பாடு பெற்ற வடிவத்தையே பாதுகாக்கிறது. கண்ணாடிப் பேய், குழிந்த முகம், குறுகும் கோபுரம் ஆகிய உத்திகளை யாரும் பயன்படுத்தலாம். குறிப்பிட்ட கதாபாத்திரம், குறிப்பிட்ட உருவச்சித்திரம், பாடல், பெயர், முத்திரை ஆகியவை உரிமையாளருக்குரியவை. நியாயமான பயன்பாடா என்பதை எடைபோடும்போது வணிக நோக்கம், எடுத்துக்கொண்ட அளவு, மூலத்தின் சந்தைக்கு ஏற்படும் பாதிப்பு முதலியவை கருதப்படும். கற்பதற்காக வரைந்து வீட்டில் வைத்திருப்பதும், அனுமதியின்றி ஒட்டுவில்லைகளாக அச்சிட்டு மேசை போட்டு விற்பதும் ஒன்றல்ல.

விற்க விரும்புவோருக்கு நான் சொல்வது, கற்ற உத்திகளைக் கொண்டு நம் மண்ணிலிருந்து ஒரு சவாரியைப் படைக்க வேண்டும் என்பதே. எடுத்துக்காட்டாக, விடியலுக்கு முந்தைய இரப்பர் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். வரிசை வரிசையாக நிற்கும் பால்மரங்கள் 720 பிக்சல் இடைவெளிக்கு என்றே நட்டவை போல் இருக்கும். இருளில் தெரிபவை பால்வெட்டுவோரின் தலைவிளக்குகள் மட்டுமே. வண்டி ஒரு மரத்தருகே திரும்புகிறது. விளக்கின் வட்டத்தில் ஒரு கை, சீவப்பட்ட பட்டை, மங்கில் சொட்டும் பால். பிறகு மீண்டும் இருள். பேயே வேண்டாம். பாட்டனார் காலத்து லயத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கினாலே காட்சி நிறைந்துவிடும். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர் யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், விளக்கு எந்த உயரத்தில் கட்டப்பட்டது, மங்கு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பனவற்றைக் கேட்டு வரையுங்கள்.

அச்சிடும்போது, ஏ3 தாளுக்கு 3508க்கு 4961 பிக்சல் அளவில் கோப்பைத் தயாரியுங்கள். திரையில் நன்றாகத் தெரியும் கருநீலங்கள் தாளில் ஒன்றாகி அடைத்துக்கொள்ளும். ஆகவே இருண்ட பகுதிகளைச் சற்றே வெளிறச் செய்து, முதலில் ஒரு சிறு தாளில் மட்டும் அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒளிரும் இளஞ்சிவப்பும் பச்சையும் சாதாரண நான்கு நிற அச்சில் ஒருபோதும் வராது. அவை வேண்டுமானால், ஒளிரும் மை கொண்ட ரிசோகிராஃப் இயந்திரமோ திரையச்சோ வைத்திருப்பவரை நாடி, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனிச் சாம்பல் கோப்பாகப் பிரித்துக் கொடுங்கள்.